வினோதன் தொட்ட கையுறை

“வினோதன்தான் செஞ்சதுன்னு நிரூபிச்சுத் தாங்க சேர். வேற ஒண்ணும் எனக்கி வேணாம்.”

வந்தவள் கதிரையில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிட்டாள். பெயர் றமீஸா, ஊர் கட்டுகஸ்தோட்டை. வந்த அவசரத்தில் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. அது முக்காட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்டியில், திருகோணமலை வீதியில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது பாலேந்திரனின் அலுவலகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விசாரணை அதிகாரியாகக் காலம் தள்ளி, ஓய்வுக்குப் பிறகும் கண்டியை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டவர். எரிந்த கடைகளையும் நொறுங்கிய வாகனங்களையும் பார்த்துப் பார்த்து அவருக்கு எதற்கும் பதறாத ஒரு முகம் வாய்த்துவிட்டது. அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கு உதவியாளர் ரிப்கா இருந்தாள். சட்டம் படித்தவள், கெட்டிக்காரி. என்ன, ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு பேரையாவது அநியாயமாகச் சந்தேகித்துவிட்டுத்தான் சரியான ஆளிடம் வந்து சேருவாள்.

“முதலிலை இருங்கோ பிள்ளை. என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ” என்றார் பாலேந்திரன்.

றமீஸா சொன்னாள். அவள் கணவன் ரஸீன் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். மேசையில் பந்துகளைக் கோலால் தட்டிக் குழியில் விழுத்தும் பூல் ஆட்டத்தில் இந்தப் பக்கத்தில் அவனை அடிக்க ஆளில்லை என்று பெயர். அவனுக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே ஆள், கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் வினோதன். இருவரும் இணைபிரியாத சிநேகிதர்கள். கடந்த ஞாயிற்றுக்கிழமை தாஸிமின் பூல் மண்டபத்தில் இருவருக்கும் இறுதிப் போட்டி. வெல்பவருக்குக் கொழும்பில் தேசிய அணித் தேர்வு. இடைவேளை வரை ரஸீன் முன்னணியில் இருந்தான். இடைவேளைக்குப் பிறகு லேசான பந்துகளைக்கூடத் தவறவிட்டான். தன் கையுறையில் வினோதன் ஏதோ செய்துவிட்டான் என்று கத்தினான். கத்தியதோடு நிற்கவில்லை, நெஞ்சில் பிடித்துத் தள்ளிவிட்டான். வினோதனின் பின்மண்டை மேசையின் மூலையில் மோதியது. அன்று மூடிய கண்ணை அவன் இன்னும் திறக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். ரஸீன் விளக்கமறியலில்.

“கூடப் பொறந்தவன் மாதிரி எங்கூட்டுல சோறு தின்ன மனுசன் சேர்” என்று அழுதாள் றமீஸா. “அவனே இப்படித் துரோகம் செஞ்சா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அது உறுதியானா ஜட்ஜுக்கிட்டச் சொல்லி வாதாடலாம்னு லோயர் சொல்றாரு. இல்லாட்டி எங்கட மனுசன் உள்ளுக்குத்தான்.”

“கையுறைக்கு என்ன செய்தவராம்?”

“எண்ணெயோ என்னமோ பூசியிருப்பான். அவருக்குக் கை பயங்கரமா வேர்க்கிற. கம்பு வழுக்காம ஈக்கத்தானே கிளவுஸ் போடுற? அதுல எண்ணெய் பட்டா எப்படிப் பிடிக்கிற?”

“எண்ணெயெண்டு உங்கட கணவர் சொன்னவரோ?”

“இல்ல. ‘கிளவுஸ்ல வேலை காட்டிட்டான்’னு மட்டும்தான் சொன்னாரு. அதுக்கு மேல பேச பொலிஸ்ல விடல்ல.”

ரிப்கா ஒரு திசுத்தாளை நீட்டினாள். கண்ணைத் துடைத்த பிறகும் தாள் றமீஸாவின் விரல் நுனியை விடவில்லை. உதறித்தான் கழற்ற வேண்டியிருந்தது. பாலேந்திரன் அதைப் பார்த்தார். ஆனால் அப்போது அவருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

பிற்பகலில் இருவரும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்த மண்டபத்துக்குப் போனார்கள். உரிமையாளர் தாஸிம் கதவை மூடி வைத்திருந்தார். கேட்டதும் ஒரு பையிலிருந்து அந்தக் கையுறையை எடுத்து வைத்தார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றை மட்டும் மூடும் கறுப்புத் துணிக் கையுறை. பொலிஸார் இதைச் சட்டை செய்யவேயில்லையாம்.

“கோல் வழுக்காமல் இறுக்கிப் பிடிக்கத்தானே இது?” என்று கேட்டார் பாலேந்திரன்.

அந்தத் துக்கத்திலும் தாஸிமுக்குச் சிரிப்பு வந்தது. “எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிற சேர். கியூன்னா இந்தக் கோல்தான், அதைப் பிடிக்கிறது பின்னுக்கு ஈக்கிற சோத்துக்கை, வலது கை. அந்தக் கைக்கு எதுவும் போடுறதில்ல. பிடி போதாட்டிக் கியூவோட அடியிலதான் ரப்பர் சுத்துவாங்க. கிளவுஸ் போடுறது மத்தக் கைக்கு. அதை இப்படி மேசையில ஊண்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால கியூவை ஓட விடணும். வேர்த்த தோலுல கியூ சிக்கும். சிக்கக் கூடாதுன்னுதான் கிளவுஸ். வழுக்குறதுக்குத்தான் போடுற, பிடிக்கிறதுக்கு இல்ல.”

பாலேந்திரன் கையுறையை எடுத்துப் பார்த்தார். மூடிக்கிடந்த மண்டபத்தின் புழுக்கத்தில் அது விரலில் ஒட்டியது.

“அப்போ எண்ணெய் இல்ல, பசை!” ரிப்கா துள்ளினாள். “கியூ சிக்கட்டும்னு வினோதன் பூசியிருக்கான். முடிஞ்சுது சேர்!”

“பொறுங்கோ. அண்டைக்கு நீங்கள் என்ன கண்டீங்கள், தாஸிம்?”

தாஸிமின் முகம் வாடியது. “பாதி ஆட்டத்துல கரண்ட் போச்சி. ஜெனரேட்டர்ல மேசை லைட் மட்டும்தான் எரியும், பேன் ஓடாது. சனமும் நெறைய. உள்ளுக்கு அவிஞ்சுபோச்சி. எடைவேளை விட்டதும் ரஸீன் கிளவுஸைக் கழட்டிக் கதிரையில வச்சிட்டு அஸர் தொழப் போனாரு. அந்த நேரம் வினோதன் அதைக் கையில எடுத்துத் தேச்சுத் தேச்சு என்னமோ செஞ்சிட்டிருந்தான். நான் கண்ணால பாத்தேன். பொறகு ரஸீன் கறுப்புப் பந்தைத் தவறவிட்டதும் நான்தான் போய்ச் சொன்னேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “சொன்ன ஒடனே ரஸீன் தள்ளிட்டாரு சேர்.”

“கரண்ட் போனாப் பிறகு, இடைவேளைக்கு முன்னம், ரஸீன் எப்பிடி விளையாடினவர்?”

தாஸிம் யோசித்தார். “அப்பவே கொஞ்சம் தடுமாறினாரு. கையை ரெண்டு மூணு தரம் காற்சட்டையில தொடைச்சாரு.”

“வினோதனும் கையுறை போடுறவரோ?”

“அவன் எப்பவும் பவுடர்தான். டப்பா அவன் பக்கத்துலயே ஈக்கும்.”

ரிப்கா பாலேந்திரனின் காதருகே குனிந்தாள். “சேர், இவரே பூசிட்டு வினோதன் மேல போட்டிருந்தா?” இரண்டாவது ஆளையும் அவள் பிடித்துவிட்டாள். இனி உண்மைக்கு வழி பிறக்கும் என்று பாலேந்திரனுக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். பேசாமல் கையுறையை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டினார். முதலில் வெள்ளையாகப் பவுடர் உதிர்ந்தது. அதற்கடியில் மஞ்சள் படிந்த ஒரு பூச்சு இருந்தது. ரிப்கா முகர்ந்து பார்த்தாள்.

“தேன் மணக்குது.”

“தேன்மெழுகு. இப்ப உள்ளங்கைப் பக்கத்தைப் பாருங்கோ. அங்கையும் ஒரே சீராய்ப் பூசியிருக்கு. தாஸிம், கோல் உள்ளங்கையிலை படுமோ?”

“பட வழியே இல்லையே சேர்.”

பாலேந்திரன் கையுறையைப் புரட்டினார். சுட்டுவிரல் ஓரத்தில் தையல் பிரிந்திருந்த இடத்தை யாரோ நுணுக்கமாகத் திரும்பத் தைத்திருந்தார்கள். நூல்கூடத் துணியின் நிறத்துக்கே பொருந்தியிருந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையுறையைப் பைக்குள் வைத்த விதத்தைப் பார்த்து ரிப்காவுக்குப் பயம் பிடித்தது. உடைந்துவிடும் பொருளை வைப்பதுபோல் வைத்தார்.

“தாஸிம், நாளைக்கு எங்களோடை றமீஸா வீட்டுக்கு வாங்கோ. நீங்கள் ஒரு விசயம் செய்து காட்ட வேண்டி வரும்.”

மறுநாள் கட்டுகஸ்தோட்டையில், தையல் இயந்திரம் பாதி இடத்தைப் பிடித்திருந்த முன்னறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். இயந்திரத்தின் மேல் ஒரு கல்யாணப் பெண்ணின், வழுவழுப்பான சற்றின் துணிச் சட்டை. றமீஸா அதை ஒதுக்கிவிட்டு ஆவலோடு பார்த்தாள்.

“அவன்தான்னு உறுதியாச்சா சேர்?”

பாலேந்திரன் கையுறையை மேசையில் வைத்தார். “இதின்ரை தையலை ஆர் பிள்ளை திருத்தினது?”

றமீஸாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை ரிப்காவால் இன்றுவரை மறக்க முடியவில்லை. “நான்தான் சேர்! ஓரம் பிரிஞ்சி ஈந்திச்சி. போட்டியன்னிக்கிக் காலையில, அவரு எழும்ப முந்தித் தச்சு வச்சேன். சற்றின் வழுக்காம ஈக்க நாங்க வெரலுல மெழுகு தேச்சுக்கிற. அதே மாதிரி கிளவுஸ் முழுக்கத் தேச்சு, மேலால அயன் புடிச்சேன். மெழுகு உள்ளுக்கு ஏறினா வெளியில தெரியாது. கம்பு நல்லாப் பிடிபடட்டும்னுதான். ஜெயிச்சிட்டு வந்த பொறகு சொல்லலாம்னு...”

தாஸிம் தலையைக் குனிந்துகொண்டார். ரிப்காவின் கை தானாகவே வாயைப் பொத்தியது. றமீஸா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

“ஏன்? என்ன?”

பாலேந்திரன் தாஸிமுக்குச் சைகை காட்டினார். தாஸிம் எழுந்து, துணி வெட்டும் மேசையில் இடது கையை ஊன்றினார். றமீஸா துணி அளக்கும் நீள மரச்சட்டத்தை வலது கையால் பிடித்து, இடது கை விரல்களுக்கிடையே முன்னும் பின்னும் ஓடவிட்டார்.

“பிடிக்கிறது இந்தக் கை தங்கச்சி. கிளவுஸ் போடுறது அந்தக் கைக்கு. அதுல கியூ ஓடணும்.”

பிறகு, வெயிலில் வந்ததில் இளகியிருந்த கையுறையை மாட்டிக்கொண்டு அதையே செய்தார். சட்டம் பாதியில் சிக்கி நின்றது.

றமீஸா அசையாமல் அதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது. புரியக் கூடாது என்று அவள் மனம் போராடியது முகத்தில் தெரிந்தது.

“இல்ல. ஆட்டம் தொடங்கக்குள்ள நல்லாத்தானே விளையாடினாரு?”

“மெழுகு குளிரிலை இறுகியிருக்கும்” என்றார் பாலேந்திரன். “பேன் ஓடும் மட்டும் ஒண்டும் தெரியேல்லை. கரண்ட் போச்சு, சூடேறிச்சு, மெழுகு இளகிச்சு. இடைவேளைக்கு முன்னமே அவர் தடுமாறத் தொடங்கிட்டார். அந்த நேரம் வினோதன் கையுறையைத் தொடவேயில்லை.”

“அப்போ வினோதன் தேச்சது?”

“அதுதான் மேலை இருக்கிற பவுடர். கெடுக்க நினைக்கிறவன் மெழுகைப் பூசிப்போட்டு, அது சிக்காமலிருக்கப் பவுடரும் போடுவானோ? இது ரெண்டு பேரின்ரை வேலை. ஒராள் கோல் பிடிபட வேணுமெண்டு நினைச்சது. மற்றாள் கோல் ஓட வேணுமெண்டு நினைச்சது. மெழுகு பூசின ஆளுக்கு ஆட்டம் தெரியாது, அதாலைதான் உள்ளங்கைக்கும் பூசினது. ரஸீன் மேலை அன்புள்ள ஆள், அதாலைதான் தையலையும் திருத்தினது. வினோதன் சிநேகிதன் தடுமாறுறதைக் கண்டிருக்கிறார். கையுறையைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு. தன்ரை பவுடரைப் போட்டுத் தேய்ச்சிருக்கிறார். தன்னை வெல்லப்போற ஆளுக்கு. ஆனால் இளகின மெழுகிலை பவுடர் கட்டிபட்டுப்போச்சு. இன்னும் மோசமாகத்தான் சிக்கியிருக்கும்.”

“யா அல்லாஹ்” என்றாள் றமீஸா. தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். பிறகு அவற்றைச் சட்டைத் துணியில் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். ரிப்கா எழுந்து போய் அந்தக் கைகளைப் பிடித்தாள்.

“ராத்தா, போதும்.”

“அவரு ஒண்ணும் செய்யல்ல. உதவிதான் செஞ்சாரு. அவரைப் போய்...” நேற்றுவரை ‘அவன்’ என்று பேசியவள் தன்னை அறியாமலே ‘அவர்’ என்றாள்.

தாஸிம் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். “நான் வாயை மூடிட்டு ஈந்திருக்கணும்.”

சட்டம் படித்த ரிப்காவுக்குத்தான் அடுத்த அதிர்ச்சி தட்டியது. “சேர், இது வெளியில வந்தா ரஸீனுக்கு வாதாடவே ஒண்ணும் மிஞ்சாது. ஒரு குத்தமும் செய்யாத ஆளைத் தள்ளினதாத்தான் முடியும்.”

“ஓம்” என்றார் பாலேந்திரன். “பிள்ளை, நீங்கள் தேடச் சொன்னது வேறை. எனக்குக் கிடைச்சது இது. என்னட்டைக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டன். ஆனால் இதை முதலிலை ஆருக்குச் சொல்லுறதெண்டு நீங்கள்தான் யோசிக்க வேணும்.”

றமீஸா வெகுநேரம் யோசிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

வார்டில் வினோதனின் மனைவி கஜாலினி கட்டிலோடு ஒட்டிய வாங்குப் பலகையில் தனியாக இருந்தாள். றமீஸாவைக் கண்டதும் விறைத்துப்போனாள். கட்டிலில் வினோதன், தலை முழுக்கக் கட்டு, மூக்கில் குழாய்.

“இன்னும் என்ன பேச வந்தனீங்கள்?” என்றாள் கஜாலினி. “ஊர் முழுக்க அவரைக் கள்ளனெண்டு கதைக்குது. வேலை செய்யிற இடத்திலையிருந்துகூட ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை.”

றமீஸா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெழுகு, தையல், அயன், பவுடர், தள்ளியது. எதையும் மறைக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. கேட்கக் கேட்கக் கஜாலினியின் முகத்தில் கோபம் போய், திகைப்பு வந்தது. திகைப்பு அப்படியே நின்றுவிட்டது. அடிப்பாள் என்று ரிப்கா நினைத்தாள். றமீஸாவும் அதையே எதிர்பார்த்து நின்றாள்.

கஜாலினி வாங்கிலிருந்து எழும்பி இடம் விட்டாள்.

“அவருக்குக் காது கேக்குமெண்டு டொக்டர் சொன்னவர். என்னட்டைச் சொல்லி என்ன? அவருக்குச் சொல்லுங்கோ.”

றமீஸா குனிந்து, கட்டுப் போட்ட தலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“வினோதன் அண்ணா, பூசினது நான். நீங்க அவரு நல்லா விளையாடணும்னுதான் தேச்சீங்க. அது எனக்குத் தெரியும். கோர்ட்டுலயும் சொல்லுவேன்.”

அவன் முகத்தில் எந்த அசைவும் இல்லை. கஜாலினி கணவனின் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“திரும்பச் சொல்லுங்கோ” என்றாள்.

றமீஸா திரும்பச் சொன்னாள்.