இரண்டாவது மணி

சுவிட்சின் பிடி மேல் நோக்கி நின்றது.

கையில் கடைப் பையோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டார் ரேடியோக்காரர். கட்டில், மடித்து வைத்த போர்வை, மருந்துப் புட்டிகள் நின்ற இடத்தில் அவை விட்டுப்போன வட்டத் தடங்கள் எல்லாம் காலையில் பார்த்தபடியே இருந்தன. கட்டிலின் இடப்பக்கச் சட்டத்தில் திருகி வைத்திருந்த அந்தச் சுவிட்ச் மட்டும் மாறியிருந்தது. ஏழு வாரமாக அது கீழ் நோக்கியே இருந்தது. அவர் அதைத் தொட்டதில்லை. தூசி தட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் துணியை ஓட்டுவார்.

அமுக்குகிற பொத்தானாக இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பொத்தானை விட்டதும் தானே பழைய இடத்துக்கு வந்துவிடும். யார் அமுக்கினார்கள் என்று அதற்கு நினைவிருக்காது. டாகிள் சுவிட்ச் அப்படியல்ல. மேலே தள்ளினால் மேலேயே நிற்கும், கீழே தள்ளினால் கீழேயே. கடைசியாகத் தொட்ட கை எந்தப் பக்கம் தள்ளியது என்பதை, இன்னொரு கை வந்து மாற்றும் வரை சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த வீட்டில் இன்னொரு கை கிடையாது.

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். தளர்ந்த ஸ்பிரிங் பிடியைக் கீழே விழ வைக்குமே தவிர மேலே ஏற்றாது என்பது, சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒற்றை விரலால் பிடியைக் கீழே தள்ளினார். மணி அடிக்கவில்லை. கீழே தள்ளினால் அடிக்காது. அப்படி அடிக்காமல் செய்தவர் அவர்தான்.

*

தெருவில் அவருக்கு ரேடியோக்காரர் என்று பெயர். ரேடியோக்கள் போய், டிவிக்கள் போய், இப்போது ஆம்ப்ளிஃபையரும் இன்வெர்ட்டர் பலகையும் வந்தாலும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. வீட்டுக்குள் அவர் மனைவி வைத்த பெயர் வேறு: ரெண்டு நிமிஷக்காரர். எதற்குக் கூப்பிட்டாலும், ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதோ வர்றேன், ரெண்டு நிமிஷம்" என்பார்.

"உங்க ரெண்டு நிமிஷத்துல காபி ஆறிப்போயி, அதைச் சுட வெச்சு, மறுபடியும் ஆறிடுது" என்பாள் அவள். "நான் சாகும்போதும் ரெண்டு நிமிஷம்னுதான் சொல்லுவீங்க. நானும் பொறுமையா உக்காந்திருக்கப் போறேன், பாருங்க."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

பிறகு ஒரு காலை அவளுடைய வலது பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சும் போயிற்று. மிஞ்சியது இடது கை. அதிலும் விரல்கள் மடங்கிப்போய், மணிக்கட்டை மட்டும் மேலும் கீழும் அசைக்க முடிந்தது. முதலில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார். அவளால் கையை அதன்மேல் போட முடிந்தது, எடுக்க முடியவில்லை. அவர் ஓடி வந்து கையைத் தூக்கும் வரை மணி ஓயாமல் அலறியது. அலறல் நிற்பதற்குள் அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

அன்று ராத்திரி தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தள்ளினால் போதும், கையை எடுக்க வேண்டியதில்லை, மணியும் ஒரே ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். டாகிள் சுவிட்ச், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரிலே. அவ்வளவுதான் சாமான்.

கெப்பாசிட்டரை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிடியை மேலே தள்ளினால் மின்சாரம் குபுகுபுவென்று குடத்துக்குள் பாயும். பாய்கிற வழியில் ரிலேயின் சுருள் இருக்கிறது. பாய்ச்சல் இருக்கும் வரை அது காந்தமாகித் தன் நாக்கை இழுத்துக்கொள்ளும், பட்டறையில் மணி 'டங்' என்று ஒருமுறை தட்டும். ஒரு நொடியில் குடம் நிறைந்துவிடும். பாய்ச்சல் நிற்கும். ரிலே 'டிக்' என்று விட்டுவிடும். பிடி மேலேயே கிடந்தாலும் கவலையில்லை, நிறைந்த குடம் நிறைந்த குடம்தான். பிடியைக் கீழே தள்ளினால் அதே குடம் அதே சுருள் வழியாகக் காலியாகும். மறுபடி ஒரு 'டங்'. மேலே ஒன்று, கீழே ஒன்று. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு மணி.

மரக்கரண்டி ஒன்றின் காம்பை வெட்டிப் பிடியாக மாட்டினார். அவள் மணிக்கட்டால் தள்ளினாள். டங். அவர் பட்டறையிலிருந்து ஓடி வந்து நின்றார். அவள் மறுபடி தள்ளினாள். டங். வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. அன்று முப்பது தடவையாவது அடித்திருப்பாள்.

அதுதான் பிறகு தொல்லையானது.

மணி என்னவென்று போனால் ஜன்னலைக் காட்டுவாள், மழை. அல்லது கடிகாரத்தைக் காட்டுவாள். அல்லது எதையும் காட்டாமல் அவரையே பார்ப்பாள். போகப் போகக் கையில் நடுக்கம் வேறு வந்துவிட, ஒரு தடவை கூப்பிட நினைத்தால் பிடி மேலும் கீழும் ஆடி, மணி நாலு தடவை அடித்தது. ஒருநாள் கையில் சூடான கம்பியோடு வந்து நின்று, "எனக்கென்ன காது செவிடா? ஒரு தடவை அடிச்சா வர மாட்டேனா?" என்று கத்திவிட்டார். அன்று மாலையே மணியின் பெட்டியைத் திறந்து இரண்டு சாமான் சேர்த்தார். குடம் காலியாகும்போது சுருளுக்குள் எதுவும் போகாதபடி ஒரு டையோடு. குடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக மட்டும் வடியும்படி ஒரு பெரிய ரெசிஸ்டர். இனி ஒருமுறை மணி அடித்தால், குடம் காலியாக ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் எத்தனை முறை தள்ளினாலும் சத்தம் வராது.

"இனிமே ஒரு தட்டு தட்டினா போதும்" என்று மட்டும் அவளிடம் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. அவர் கையில் இருபத்தெட்டுக் கால் உள்ள ஒரு ஐசி, பாதி பற்றவைத்த நிலையில். "இதோ வர்றேன், ரெண்டு நிமிஷம்." தலையை நிமிர்த்திக் காது கொடுத்தார். அவசரம் என்றால் மறுபடி அடிப்பாள். அடிக்கவில்லை. நிம்மதியாகக் குனிந்தார். வேலையை முடித்து, ஊதி, லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் எழுந்து போனபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அவள் கண் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது. மணிக்கட்டு சுவிட்சின் மேல். பிடி கீழே.

அடித்த மணிக்குப் பிடி மேலேதான் நின்றிருக்க வேண்டும். கீழே இருந்தது என்றால் அவள் மறுபடி தள்ளியிருக்கிறாள். ஒரு தடவையா? மூன்றா? ஒன்பதா? தள்ளத் தள்ளக் குடம் நிறைந்தேதான் இருந்திருக்கும். எவ்வளவு தவித்துத் தள்ளினாளோ அவ்வளவுக்கும் அது ஊமையாக இருந்திருக்கும்.

மகள் கேட்டாள்: "அம்மா பெல் அடிச்சாங்களாப்பா?"

"ஒரு தடவை அடிச்சாம்மா. உடனே போனேன்."

*

மறுநாள் தெருக்கோடியில் புதிதாகக் கடை போட்ட தையல்காரர் தன் மெஷின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது ஓடுறதைவிட இரைக்கிறதுதான் ஜாஸ்தி. நம்ம வீட்டு ஆளு மாதிரியே" என்றார். ரேடியோக்காரர் மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

டங்.

சுவரில் இருந்த பித்தளை மணி. அதன் அதிர்வு அடங்கும் வரை ஸ்குரூடிரைவர் திருகின் மேலேயே நின்றது.

"உள்ள அக்கா கூப்பிடுறாங்க போல" என்றார் தையல்காரர். "போய்ட்டு வாங்கண்ணே. நான் எங்க ஓடிடப் போறேன்?"

ரேடியோக்காரர் போனார். நடை எட்டே அடிதான். அறையில் மூடிய ஜன்னலின் புழுக்கம், அதற்கடியில், கழுவிக் கழுவியும் போகாத தைலத்தின் மெல்லிய வாசம். பிடி மேலே.

தையல்காரர் போனதும் மீட்டரை எடுத்தார். கம்பியை அடி அடியாகச் சோதித்தார். கசிவு இல்லை, உரசல் இல்லை, எலி கடித்த இடம் இல்லை. சுவிட்சைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினார். புதிதுபோல இருந்தது. கடைசியில் பட்டறைச் சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கிவிட்டார். இனி மணி அடிக்க வழியே இல்லை.

மணி அடிக்கவில்லை. ஆனால் போய்ப் பார்த்தபோது பிடி மேலே இருந்தது. கீழே தள்ளிவிட்டு வந்தார். அரை மணி கழித்துப் போனார். மேலே. தள்ளினார். வாசலில் நின்றபடியே காத்திருந்தார், எதுவும் அசையவில்லை. முகம் கழுவிவிட்டு வந்தார்.

மேலே.

நடையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது பயம்தான். முதுகுத்தண்டில் ஈரத்துணி போட்டதுபோல. ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அது பயத்தைவிடக் கனமாக இருந்தது. உள்ளே யாரோ கூப்பிடுகிறார்கள். கேட்கக் கூடாது என்று அவர் மறுபடியும் வழியை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன் அடித்தது. மகள்.

"என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டீங்களா?"

"ம்."

"அந்த 'ம்'முக்கு சாப்பிடலைன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? நாளைக்கே பஸ் ஏறி இங்க வாங்க. அந்த வீட்டுல தனியா என்ன பண்றீங்க?"

"அம்மாடி..." என்றார். "அன்னைக்கு நான் உடனே போகலைடா."

வெளியே மழை தொடங்கும் வாசம் வந்தது.

"தெரியும்ப்பா" என்றாள் மகள், மெதுவாக. "உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? விடுங்க. அம்மா கோச்சுக்க மாட்டாங்க."

"ஒரு சின்ன வேலை இருக்கு. முடிச்சுட்டு நாளைக்கு வர்றேன்."

வேலை சின்னதுதான். பெட்டியைத் திறந்து, டையோடைச் சூடுகாட்டி எடுத்தார். ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டு, விட்டுப்போன கம்பியைப் பழையபடி சேர்த்துப் பற்றவைத்தார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடாப்டரைச் செருகினார். இப்போது அது பழையபடி, முதல் நாள் அவள் சிரித்தபோது இருந்தபடி. மேலே ஒன்று, கீழே ஒன்று. இனி எத்தனை தடவை கூப்பிட்டாலும் அத்தனையும் கேட்கும். எத்தனை என்று தெரிந்துவிட்டால் போதும். எண்ணிக்கொண்டே எட்டடி ஓடி வந்துவிடுவார்.

சால்டரிங் கம்பியை அணைத்தார். பட்டறை விளக்கையும் அணைத்துவிட்டு அறைக்குப் போனார்.

மணி ஆறுதான் இருக்கும். மழை பிடித்துக்கொண்டு ஜன்னல் சாம்பல் நிறமாகியிருந்தது. எந்தக் கருவியையும் அது வேலை செய்கிற இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். கட்டிலில் அவள் படுத்த இடத்தில் படுத்தார். மெத்தையில் அவள் உடம்பு அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது; முதுகு அதில் சரியாகப் பொருந்தியது. தலையணையிலிருந்து வாசல் தெரிந்தது. வாசலுக்கு அப்பால் நடையின் சுவர். இவ்வளவு நாள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா?

இடது மணிக்கட்டால் பிடியை மேலே தள்ளினார்.

டங்.

வேலை செய்கிறது. கண்ணோரம் நனைந்தது. "பாத்தியா, சரி பண்ணிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தார்.

"இதோ வர்றேன், ரெண்டு நிமிஷம்."

குரல் பட்டறையிலிருந்து வந்தது.

அவருடைய குரல்.

மூச்சு பாதியில் நின்றது. மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு நடுவே நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது, கால் ஆடுகிற அந்த நாற்காலி. பிறகு நடைவழியே மெதுவாக ஒரு வாசம் வந்தது. ஈயம் உருகும்போது எழுகிற பிசின் புகை. அவர் அணைத்துவிட்டு வந்த விளக்கின் வெளிச்சம் நடையின் சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார். வலது கால் வரவில்லை. வலது கை போர்வையின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. கத்த நினைத்தார். நாக்கு புரளவில்லை. தொண்டையில் காற்று மட்டும்.

மணிக்கட்டு இருந்தது.

கீழே தள்ளினார். சத்தம் இல்லை.

டையோடு சட்டைப் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. அடித்தே ஆக வேண்டும். மேலே தள்ளினார். சத்தம் இல்லை. கீழே. இல்லை.

மூன்று.

நெஞ்சுக்குள் எதுவோ இறுகிக்கொண்டு வந்தது. மேலே. நாலு. கீழே. ஐந்து. மேலே. ஆறு. அவள் இத்தனை தடவை... கீழே. ஏழு. எட்டே அடிதான். மேலே. எட்டு.

நடையின் சுவரில் ஒரு நிழல் தெரிந்தது. மேசையின்மேல் குனிந்த தலை, கண்ணாடி, கையில் கம்பி, அதன் நுனியிலிருந்து நூல்போல் எழும் புகை. அவர் அதையே பார்த்தார். கண்ணை மூட முடியவில்லை.

கீழே.

நிழல் தலையை நிமிர்த்தியது. காது கொடுத்தது. இன்னொரு மணி வருகிறதா என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, நிம்மதியாக, மறுபடி வேலையின்மேல் குனிந்துகொண்டது.