கைபடாத ஏழாம் பாடம்

"சார்... சார்! அதை மிதிச்சிடாதீங்க!"

ஒரு கால் தரையிலும் மறுகால் அந்தரத்திலுமாக நின்றான் அவன். காலை நேரத்து பஸ் நிறுத்தம், கொட்டோ கொட்டென்று மழை. காலடியில், தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் ஓரமாக, இளஞ்சிவப்புத் துணியில் தைத்த பொம்மை ஒன்று கிடந்தது. இரண்டு பக்கமும் கைகள் இருந்தன. தலையைத்தான் காணோம்.

குனிந்து எடுத்து நிமிர்ந்தான். எதிரே, நனைந்து பிரிந்துபோன அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி அவள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள்... வாய் திறக்காமலே ஆளை விசாரித்து முடித்துவிடும் கண்கள்.

"இந்தாங்க, உங்க பொம்மை."

"பொம்மை இல்லைங்க... கர்ப்பப்பை."

அவன் விரல்கள் தானாகத் திறந்துகொண்டன. ஓரத்தில் நின்ற சைக்கிளில் மாட்டிக் கிழிந்து, 'தொப்'பென்று பள்ளத்தின் நடுவில் விழுந்தது அது.

"அடப்பாவமே! அது என்ன, கடிக்குமா?"

"இல்ல... கை நழுவிடுச்சு..."

"நல்லா நழுவிச்சு போங்க. நான் நர்ஸ். இதை வச்சுத்தான் பசங்களுக்குப் பாடம் எடுக்கணும். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

பஸ் வந்து காப்பாற்றாதா என்று பார்த்தான். வரவில்லை. "...பயாலஜி."

அவள் சிரித்த சிரிப்பில் நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவனுக்கு மானம் போனது ஒரு பக்கம். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது இன்னொரு பக்கம்.

"எங்கக்கா டெய்லர். துவைச்சு, தைச்சுக் கொடுத்துடறேன். எந்த ஸ்கூலுக்குப் போறீங்க?"

அவள் கை காட்டியது அவனுடைய பள்ளிக்கூடத்தைத்தான்.

பள்ளியில் அவனுக்குத் 'தவளை சார்' என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டே தவளையின் உள்ளுறுப்புகளை வரைந்து காட்டுவான். மனிதர்களைப் பற்றிய ஏழாம் பாடம் வந்தால் மட்டும், "இதை வீட்ல படிச்சுக்கங்க" என்று சொல்லி எட்டாம் பாடத்துக்குத் தாவிவிடுவான். தவளையிடமிருந்து கற்றுக்கொண்ட வித்தை போலும்.

தலைமையாசிரியை பாடப் பதிவேட்டை விரித்து வைத்தார். "நம்ம சார் ஒன்பதாம் வகுப்புக்கு ஏழாம் பாடத்தை நடத்தி முடிச்சாச்சே. வருஷா வருஷம் கையெழுத்து இருக்கு. அப்புறம் நீங்க எதுக்கும்மா?"

அவள் மேஜையில் கிடந்த மாணவன் ஒருவனின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அவனைப் பார்த்தாள். புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். அவனும் பின்னாலேயே ஓடினான்.

"ஆறாம் பாடத்துல விஞ்ஞானிக்கு மீசை வரைஞ்சிருக்காங்க. எட்டாம் பாடத்துல மை கொட்டியிருக்கு. ஏழாம் பாடம் மட்டும் கடையில வாங்கினபடியே இருக்கு. நடத்தினீங்களா, சார்?"

"அது வந்து... பசங்க சிரிப்பாங்க. இந்த வருஷம் எங்கக்கா பொண்ணு வேற மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கா..."

"போன வருஷம் எங்க வார்டுக்கு ஸ்கூல் யூனிஃபார்மோட மூணு பொண்ணுங்க வந்தாங்க. அதுல ஒருத்தி, 'ஒரே ஒரு தடவைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னானே அக்கா'ன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதா. அது பொய்னு தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் அவ ஸ்கூல்லயும் இருந்திருப்பாரு இல்ல?"

மழை விட்டிருந்தது. அவள் கண்களில் மட்டும் ஈரம்.

"வெள்ளிக்கிழமையோட நாங்க பாடம் எடுக்கப் போற ஸ்கூல் லிஸ்டை மூடிடுவாங்க. அதுக்குள்ள உங்க மேடம் கூப்பிடலைன்னா, இந்த வருஷம் இந்தப் பசங்களுக்கு ஒண்ணும் கிடையாது. உங்களை நான் மாட்டிவிட மாட்டேன். நீங்களா உண்மையைச் சொன்னாத்தான் உண்டு."

போயே போய்விட்டாள். கிழிந்த கர்ப்பப்பை அவன் பையிலேயே தங்கிவிட்டது.

அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. மழையில் வந்து நின்ற யாரோ ஒருத்தி சொல்லி, நான் போய் 'பொய்க் கையெழுத்து போட்டேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? முடியவே முடியாது... என்று சாயங்காலம் வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே நடந்தான்.

அக்கா அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னடா இது? ரெண்டு கை வச்ச பையா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்புறம் மெல்லச் சொன்னான். ஒரு நர்ஸிடமிருந்து இது எப்படிக் கைக்கு வந்தது, இது என்ன, இந்தக் குழாய்கள் எதற்கு, குழந்தை எங்கே வளர்கிறது... எல்லாவற்றையும். அக்காவின் கால் தையல் மெஷினின் மிதியை விட்டு இறங்கியது.

"இவ்வளவுதானாடா?" உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "பதினாறு வயசுல, நாலு மாசம் ஆகற வரைக்கும் என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. வயித்துல கட்டி, செத்துடுவேன்னு நினைச்சு அழுதுட்டிருந்தேன்."

அப்போது அவனுக்கு வயது பதிமூன்று. சாத்திய கதவுகளும் அவசரக் கல்யாணமும் ஆணியில் தொங்கியே போன அக்காவின் புத்தகப் பையும் அவனுக்கு நினைவிருந்தன. இரண்டே வருஷத்தில் புருஷன்காரன் கைகழுவிவிட்டுப் போனதும் நினைவிருந்தது. ஆனால் அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி இதுவரை கேட்டதில்லை.

"எங்க டீச்சரும் வீட்ல படிச்சுக்கங்கன்னுதான் சொன்னாங்க. வீட்ல யாருடா சொல்லித் தந்தா?" துணியை ஊசிக்கு அடியில் வைத்தாள். "நீ எப்படி, நல்லா நடத்துவியா?"

அவனால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான்... நடத்தினதே இல்லக்கா."

மெஷின் ஓடவில்லை.

"உன் கிளாஸ்ல என் பொண்ணு உட்கார்ந்திருக்காடா" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

தைத்து முடித்து நீட்டினாள். "ரெட்டைத் தையல். இனி எத்தனை தடவை கீழ போட்டாலும் கிழியாது. ஆமா, அந்த நர்ஸ் பேச்சை எடுத்தாலே உன் காது ஏன் சிவக்குது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல!"

"ரெண்டு காதுமே சிவக்குது."

மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றான். "மேடம், ஏழாம் பாடத்தை நான் அஞ்சு வருஷமா நடத்தல. போட்ட கையெழுத்து பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தான். "இந்தத் தடவை நானே நடத்தறேன். அந்த நர்ஸும் கூட இருந்தா நல்லது."

"கூப்பிடறேன். இனிமே இந்தப் பதிவேட்டை நானே வகுப்புக்கு வந்து பார்ப்பேன்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை. அவள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவன் துணிக் கர்ப்பப்பையைத் தூக்கிக் காட்டியதும், 'தவளை சார்!' என்று யாரோ கத்த, வகுப்பு 'கொல்'லென்று சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. நான் அஞ்சு வருஷம் பயந்திருக்கேன். நீங்க அஞ்சு நிமிஷம் சிரிக்கக் கூடாதா?"

மூன்று நிமிஷத்திலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. முதல் தடவையே கர்ப்பம் ஆகலாம் என்றான். அதைத் தடுக்க என்னென்ன வழி உண்டு என்று அவள் எழுந்து சொன்னாள். பொறுப்பு பையனுக்கும் சரிபாதி என்றான். பயமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று அவள் சொன்னாள். மூன்றாவது பெஞ்சில் அக்கா மகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஒரு பையன் எழுந்தான். "சார், பொண்ணு ஒண்ணும் சொல்லாம நின்னா, சரின்னுதானே அர்த்தம்?"

"இல்லப்பா. பயமா இருக்கலாம், கூச்சமா இருக்கலாம், பிடிக்காமலே இருக்கலாம். அதை நீயா சம்மதம்னு எடுத்துக்கக் கூடாது. உங்க வயசுல எதுக்கும் அவசரமே இல்ல. பெரியவங்களான பிறகும், வாயைத் திறந்து சொன்னாத்தான் சம்மதம்."

சாயங்காலம் அதே பஸ் நிறுத்தம். அதே மழை. ஒரே குடைக்குள் இரண்டு பேர்... ஆளுக்கொரு தோள் நனைந்துகொண்டிருந்தது.

"ரெட்டைத் தையலா? பிரமாதமா இருக்கு" என்றாள்.

"அக்கா போட்டது. நான் ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லுங்க. கையில இருக்கறதை மட்டும் கீழ போட்டுடாதீங்க."

இதயம் தவளை மாதிரி குதித்தது. ஆனாலும் இன்று அவனுக்கு எதற்கும் பயம் இல்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சப்பவே பிடிச்சுப் போச்சு."

அவள் தலை தாழ்ந்தது. கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. இமைகள் படபடத்தன. ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது. அவள் ஏறவில்லை.

வேறொருவனாக இருந்தால் இதுவே போதும் என்று துள்ளிக் குதித்திருப்பான். தவளை சார் குதிக்கவில்லை.

"இதைச் சம்மதம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு இன்னிக்குத்தான் பாடம் நடத்தியிருக்கேன்..." என்றான். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. குடையை உங்ககிட்டயே கொடுத்துட்டு நனைஞ்சுட்டே போயிடறேன்."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் இந்தத் தடவை அவனை விசாரிக்கவில்லை.

"பிடிச்சிருக்கு" என்றாள். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று, பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, தவளை சார்!"