பக்கத்து நெஞ்சு

மேலப்பாளையத்தில் அலி அஸ்கர் பாயின் சைக்கிள் கடைக்குள் நான் நுழைந்தபோது காலை பதினொரு மணி. ஐப்பசி வானம் மூடிக் கிடந்தது. பாய் கண்ணாடி மேசைமேல் மூன்று ஜி.பி.எஸ். கருவிகளை எடுத்து வைத்தார். மூன்றும் சைக்கிள் கைப்பிடியில் மாட்டுகிறவை.

"இந்தச் சின்னது வெறும் கோடுதான் காட்டும். பொத்தையில ஆட்டுத்தடம் ஆயிரம் பிரியும்லா? தப்பான தடத்துல நூறடி போன பெறவுதான் இது கத்தும். இந்தப் பெருசு தொடுதிரை. மழை பேஞ்சா, சொட்டு விழுற இடத்துக்கெல்லாம் படம் ஓடும். எங்கிட்ட கேட்டா, நடுவுல உள்ளதை எடும் வே. படமும் உண்டு, பொத்தானும் உண்டு."

நான் கேட்க வந்தது வேறு.

"வன்னியராஜ் எதை வச்சிருந்தான், பாய்?"

"அவனுக்கு எதுக்குவே இது? ஆடு மேய்ச்ச காலு. பாதை அவனைத் தேடி வரும். துடிப்பு பாக்க நெஞ்சுப்பட்டை ஒண்ணு வாங்கினான், அம்புட்டுதான்."

செத்தவனைப் பற்றிப் பேசும்போதும் அவர் முகத்தில் ஒரு பெருமை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

பத்தமடைக்குத் தெற்கே கரும்பொத்தை என்றொரு பாறைக் குன்று உண்டு. அதில் சைக்கிளில் ஏறும் நாங்கள் பதினாறு பேர். யார் எவ்வளவு நேரத்தில் ஏறினார்கள் என்று கைபேசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் பெயர் வன்னியராஜ், பதினான்கு நிமிடம் இருபத்திரண்டு நொடி. இரண்டாவது செல்வமணி. அது நான். நான்கு வருடமாக இரண்டாவது.

ஆவணியில் அவன் இறங்கும் வழியில் சறுக்கி, தண்ணீர் நின்ற பழைய கல்குவாரிக் குழிக்குள் விழுந்தான். நெஞ்சில் பட்டையோடுதான் தூக்கினார்கள். அவன் அம்மா அதைக் கழற்ற விடவில்லை. அதுவும் சேர்ந்தே எரிந்தது. சுடுகாட்டில் நான் நிஜமாகவே அழுதேன். அழுதபடியே நினைத்தேன்: இனி இவனால் இதைவிட வேகமாக ஏற முடியாது.

மறுவாரமே அந்தத் தடத்துக்கு வன்னியராஜ் ஏற்றம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நடுவில் இருந்த கருவியையும் ஒரு நெஞ்சுப்பட்டையையும் வாங்கினேன். பட்டையைக் கருவியோடு இணைக்கும் விதத்தைக் காட்டிவிட்டுப் பாய் சொன்னார்: "கூட்டத்துல நின்னு இணைக்காதீரும். பத்தடிக்குள்ள இன்னொருத்தன் பட்டை கட்டியிருந்தா, அவன் நெஞ்சு உம்ம திரையில ஓடும்."

மறுநாள் விடிந்ததும் பொத்தையின் அடிவாரத்தில் நின்றேன். மழை நூலாக இறங்கியது. உடைமரப் பூவும் நனைந்த ஆட்டுப் புழுக்கையும் கலந்த வாசனை. ஒரு மயில்கூட அகவவில்லை. கைபேசிப் பட்டியலில் கிடந்த வன்னியராஜின் பழைய தடத்தைக் கருவியில் ஏற்றியிருந்தேன். திரையில் நீலக் கோடாக அது பாறைகளுக்குள் நெளிந்து போயிற்று.

பட்டையைத் தேடச் சொன்னேன். கருவி தேடியது.

இரண்டு பட்டைகள் என்றது.

சுற்றிப் பார்த்தேன். உடைமரங்கள் மட்டும். புதுக் கருவி, ஏதோ கோளாறு என்று முதலில் இருந்ததை அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாவது நிமிடத்திலேயே எனக்கு இரைத்தது. செங்குத்தான பாறையில் முன்சக்கரம் தூக்கியது. வாய்க்குள் இரும்புச் சுவை. திரையைப் பார்த்தேன்.

துடிப்பு, அறுபத்தொன்று.

சாய்வு நாற்காலியில் கிடப்பவனின் துடிப்பு அது. என் நெஞ்சோ விலா எலும்பை உதைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைத் தானாக உருளவிட்டால் வருமே, அந்த மெல்லிய சடசட ஒலி. இறக்கத்தில் மட்டுமே கேட்கும் ஒலி.

நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

அது என்னோடு ஏறி வந்தது.

திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பயம் குறைவாகவும் ஆத்திரம் அதிகமாகவும் இருந்தது. செத்தும் இவனுக்கு இரைக்கவில்லையே! பல்லைக் கடித்து மிதித்தேன். கண் இருண்டது. உச்சிக் கல்லைத் தொட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

பதினான்கு நிமிடம், பத்து நொடி.

"ஏலே வன்னி! பாத்தியாலே!" என்று கத்தினேன்.

பின்னால் சத்தம் நின்றது.

அறுபத்தொன்று, எண்பத்தெட்டானது. நூற்றிருபது. நூற்று எழுபது.

சட்டைக்குள் கைவிட்டு என் பட்டையைப் பிய்த்துக் கீழே எறிந்தேன். எண் நிற்கவில்லை.

நூற்று எண்பத்துநான்கு.

சைக்கிளை உருட்டிக்கொண்டு எப்படி இறங்கினேன், எப்படி வீடு சேர்ந்தேன் என்று தெரியாது. கருவியைக் கழற்றி முன்னறை மேசையில் வைத்தேன். எண் அப்படியே இருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி தனலட்சுமியின் குரல் வந்தது.

"ஏங்க, ஏன் இப்படி இரைக்குது உங்களுக்கு? இங்கன வரைக்கும் கேக்குது!"

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

"பைய உக்காருங்க. மோர் கொண்டாரேன்."

கருவி கேட்டது: சேமிக்கவா, அழிக்கவா?

சேமித்தால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. விரலை அந்தப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். எண் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது. என் பிடரியில் ஈரமான காற்று பட்டது. குவாரித் தண்ணீரின் பாசி வாசனை.

விரலை அடுத்த பொத்தானுக்கு நகர்த்தினேன். எண் இறங்கியது.

திரும்பவும் சேமிப்புக்கு. ஏறியது.

"நாலு வருசம்லே," என்று மெல்லச் சொன்னேன். "ஒரு தடவை விடக் கூடாதா?"

இருநூற்று ஆறு.

அழித்தேன்.

நூற்று நாற்பது. நூறு. எழுபத்தைந்து. பிறகு அறுபத்தொன்றில் வந்து அமைதியாக நின்றது. கருவியை அணைக்காமலே மேசையில் விட்டேன். தனலட்சுமி மோரோடு வந்தாள். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. பட்டியலில் நான் இன்னும் இரண்டாவது. கருவி மின்சாரம் தீர்ந்து என்றைக்கோ செத்துவிட்டது.

இன்று காலை, டயருக்குக் காற்றடிக்க மட்டும்தான் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

முன்னறை மேசையில் அந்தச் செத்த கருவியின் திரை எரிந்தது.

எழுபது. எண்பத்திரண்டு. நூற்றுப் பதினைந்து.