இருபத்தெட்டு மாத்திரைகள்

கட்டைவிரலில் அரிசி முனையளவு ரத்தம். தர்மன் துடைத்தார். மறுபடி ஊறியது.

மாடி அறையில், கட்டிலோடு ஒட்டிக் கிடந்த மகன் பிரேம்நாத்துக்குச் சத்து ஊசி போட்டுவிட்டு, ஊசிக்கு மூடி மாட்டும்போது முனை வழுக்கி அவர் விரலில் இறங்கிவிட்டது. முப்பத்தோரு வருடம் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மூடி மாட்டிவைக்கும் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

மகன் கண்ணைத் திறந்தான்.

"குத்திடுச்சாப்பா?"

அவர் விரலை அழுத்திப் பிழிந்தார்.

"சோப்பு போட்டுக் கழுவுங்க. பிழியாதீங்க. மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும். பெரிய ஆஸ்பத்திரில கேட்டா குடுப்பாங்க."

வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டார். இரும்பின் குளிர் விரலில் சுருக்கென்று ஏறியது.

ஓரிக்கை ஊரைப் பொறுத்தவரை பிரேம்நாத் இறந்துபோனவன். இரண்டு வருடத்துக்கு முன் அவன் ரத்தத்தில் எச்.ஐ.வி. என்று வீட்டுக்குத் தெரிந்தபோது மகள் துளசிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசியிருந்தது. வேலை பார்த்த பூனாவில் விபத்து, உடலை அங்கேயே எரித்தாயிற்று என்று தர்மன் ஊருக்குச் சொன்னார். அடுப்புச் சாம்பலைச் சட்டியில் கட்டிக்கொண்டுபோய்ப் பாலாற்றில் கரைத்தார். படத்துக்குச் சந்தன மாலை போட்டார். மகனை இருட்டில் அழைத்துவந்து மாடியில் வைத்தார். அவன் மாதாமாதம் மாத்திரை வாங்கிய ஆஸ்பத்திரிப் புத்தகத்தை அதே அடுப்பில் போட்டார். பெயர் எழுதி வைக்கிற வரிசையில் இந்த வீட்டு ஆள் நிற்கக்கூடாது. முதல் மாதங்களில் அவன் கத்தியபோதெல்லாம் கீழே பக்திப் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். பெரியவருக்குச் சாமி சிந்தனை அதிகம் என்று தெரு சொன்னது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தறியின் அடி ஒவ்வொன்றும் அவர் விரலுக்குள் விழுந்தது. தறி நின்ற பிறகும் அடி நிற்கவில்லை. கழுவிக் கழுவி வெளுத்த தோலுக்கடியில் ஏதோ ஒன்று மணிக்கட்டுக்கு நகர்வதாகவும், முழங்கையில் சற்று நின்று இளைப்பாறுவதாகவும், பிறகு நடப்பதாகவும் தோன்றியது.

"விரல்ல இன்னாங்க?" என்றாள் மனைவி ரேணுகாம்பாள்.

"முள்ளு."

அவள் விரலைப் பார்த்தாள். மாடிப்படியைப் பார்த்தாள். மறுநாள் காலை அவருடைய டம்ளர் அலமாரியில் இல்லை. மாடிக்குப் போகும் தட்டுக்குப் பக்கத்தில், தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அன்றே வேலூருக்குப் பஸ் ஏறினார். அங்கே தெரிந்த முகம் இருக்காது. பஸ் நிறுத்தத்தில் எதிர்வீட்டுத் தறிக்கார சிட்டிபாபு பிடித்துக்கொண்டார்.

"இன்னா பெரியவரே, விரல்ல கட்டு? மாடு கடிச்சிக்கிச்சா?" என்று சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "பையன் திதிக்குச் சொல்லுங்க, வந்துடறேன்."

தர்மன் தலையசைத்தார். நிமிர்ந்தே நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண்ணின் சட்டையில் நதியா என்று எழுதியிருந்தது. ஊசி குத்திவிட்டது என்று சொன்னதும் பெயர் கேட்டாள். "சிட்டிபாபு" என்றார். தலைநிமிர்ந்து சொல்லிவந்த பெயரை மறைத்த வாய் கசந்தது.

"யாருக்குப் போட்ட ஊசி, ஐயா?"

"தெரிஞ்ச பையன்."

"அவரு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டுக்கினு இருக்காரா? அப்படின்னா கிருமி அடங்கிக் கிடக்கும். உங்களுக்கு வர்ற பயம் அவ்வளவா இல்ல."

"நிறுத்தி ரெண்டு வருஷம் ஆவுது."

அவள் பேனா நின்றது. "யாரு நிறுத்துனது?"

தர்மன் விரல் கட்டை இறுக்கிக்கொண்டார்.

"அப்ப ஒரு வேளை கூட விடக்கூடாது, ஐயா. அவரையும் கூட்டிக்கினு வாங்க. இன்னும் காப்பாத்தலாம். அவருக்கும் இதே மாத்திரைதான்."

இருபத்தெட்டு நாளைக்கு எண்ணித் தந்தாள்.

புகுந்த வீட்டிலிருந்து துளசி வந்தால் கண்ணில் படக்கூடாது என்று டப்பாவை மாடிப்படி முடியும் இடத்தில், அறைக் கதவின் மேல் சட்டத்தில் வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதை எடுத்தபோது மாத்திரைகள் உருண்டன. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அப்பா. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்பா."

மூடியைத் திருகினார்.

"எனக்கும் வாங்கியாந்தீங்களா?"

"இல்ல."

"ஒண்ணே ஒண்ணுப்பா."

"எண்ணித்தான் குடுத்திருக்காங்க."

தரையில் ஏதோ இழுபடும் ஓசை. நீண்ட ஓசை. கதவுக்கடியில் நான்கு விரல்கள் வந்தன. உள்ளங்கை மேலே பார்த்தபடி. நகம் வெளுத்த விரல்கள். தர்மன் ஒரு படி கீழே இறங்கி நின்று விழுங்கினார். தண்ணீர் தொண்டையில் இறங்குவதை உள்ளிருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

தினமும் ஆறு மணி. தினமும் விரல்கள்.

ஊசி போடுவதை அவர் நிறுத்திவிட்டார். கதவையும் திறக்கவில்லை. ரேணுகாம்பாள் தட்டைக் கதவுக்கடியில் பாதி தள்ளி வைத்துவிட்டுப் போனாள். ஒன்பதாம் நாள் குரல் இல்லை. பத்தாம் நாள் தட்டில் சோறு அப்படியே காய்ந்திருந்தது. பதினொன்றாம் நாள் கீழே பக்திப் பாட்டு மறுபடி சத்தமாக ஒலித்தது. சாம்பிராணிப் புகை படியேறி வந்தது. அதற்கடியில் வேறொரு வாடை.

ஊருக்குச் சொல்ல இனி எதுவும் இல்லை. எல்லாம் முன்பே சொல்லியாயிற்று.

பன்னிரண்டாம் நாள். ஆறு மணி.

விரல்கள் அங்கேயே இருந்தன. நேற்று இருந்த இடத்தில். முந்தாநாள் இருந்த இடத்தில். மடங்கி. கறுத்து. எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

பார்க்கக்கூடாது. விழுங்க வேண்டும். இது போக இன்னும் பதினாறு.

மூடியைத் திருகினார்.

அந்தச் சத்தத்துக்கு, எறும்புகளோடு, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.