பதிமூன்றாவது குரல்

காலை எட்டு மணிக்கு வழக்கம்போல மீட்புக் குழுவின் குடிசைக்குள் நுழைந்தேன். ஈரக் கம்பளி நாற்றம். அடுப்பைச் சுற்றி எல்லோரும் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். என் அண்ணன் எய்ஜி மலையில் காணாமல் போய் அது நான்காவது நாள்.

முதல் மூன்று நாள் வெளியூர் ஆட்களும் சேர்ந்து நாற்பது பேர் தேடினோம். பனி வலுத்ததும் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். இனி நாங்கள்தான்.

"கசுயோ, எத்தன பேரும்மா?" என்றார் தலைவர் மிகாமி. பெயர்க் கணக்கு என் வேலை.

"பதிமூணு."

"அப்ப பொம்மை வேண்டாம்."

எங்கள் ஊரில் பன்னிரண்டு பேராக மலையேற மாட்டோம். மலையம்மாவுக்குப் பன்னிரண்டு அவளுடைய எண். அத்தனை பேர் போனால் ஒருவரை வைத்துக்கொள்வாள். ஆள் குறைந்து பன்னிரண்டே பேரானால் ஒரு மரப்பொம்மையைச் செதுக்கி, சான்சுகே என்று பேர் வைத்து, பதிமூன்றாவது ஆளாகப் பையில் போட்டுக்கொள்வோம். அது எங்களுக்குச் செருப்புப் போடுவது மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை.

மேலே போனோம். பத்து மணிக்கே உலகம் வெள்ளையாகிவிட்டது. என் காலில் மாட்டிய பனிச்சறுக்குப்பலகையின் நுனி எனக்கே தெரியவில்லை. கம்பால் பனியைக் குத்திக் குத்தித் தேடினோம். எதுவும் தட்டுப்படவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கையும் மனசும் ஒரே மாதிரி மரத்திருந்தன.

"போதும், இறங்கலாம்" என்றார் மிகாமி. "வழியில நட்டிருக்கிற ஒவ்வொரு சிவப்புக் கொடியிலயும் நின்னு எண்ணு சொல்லுங்க."

முதல் கொடி. முன்னாலிருந்து குரல்கள் வந்தன. ஒண்ணு. ரெண்டு. மூணு. காற்று சிலதைத் தின்றது. எனக்கு முன்னால் நரீட்டா, "பதினொண்ணு."

"பன்னெண்டு" என்றேன்.

"பதிமூணு" என்றது பின்னால் ஒரு குரல்.

"சரி, நகருங்க."

நகர்ந்தேன். பத்துப் பதினைந்து அடி போயிருப்பேன்.

பதிமூன்றாவது ஆள் அண்ணன்.

எட்டு வருஷமாக வரிசையில் நான் பன்னிரண்டு, அவன் பதிமூன்று. காலையில் அவனையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன், பாழாய்ப்போன பழக்கம். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.

டக்.

அவனுடைய இடது பூட்ஸ் கொக்கி. இரண்டு வருஷமாகத் தளர்ந்து கிடந்தது. மாற்றச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

டக். டக்.

திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவான் என்று பயந்தேன். அவன் உயிரோடிருந்தால் போதும், எப்படியாவது கீழே கொண்டுபோய்விட வேண்டும். வேறெதுவும் என் தலையில் இல்லை.

"அண்ணா."

"ம்."

"குளிருதா?"

"ஒண்ணும் தெரியல."

இரண்டாம் கொடியில் பதிமூணு. மூன்றாவதில் பதிமூணு. நான்காவதிலும். யாரும் எதுவும் கேட்கவில்லை. குடிசையில் நான் சொன்ன எண்ணிக்கைதானே அது.

ஒரு தடவை செண்டாய் நகரத்துக்கு வேலைக்குப் போய் எட்டே மாதத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவன் அவன். "சமதரையில எனக்கு நடக்கத் தெரியல, கசுயோ" என்றான். அம்மா திட்டித் தீர்த்தாள். அவன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே நான்கு கிண்ணம் சோறு தின்றான். அதற்குப் பிறகு ஊரைத் தாண்டவே இல்லை.

பனிச்சறுக்க வருபவர்களை மேலே ஏற்றும் கம்பி லிப்டின் கடைசித் தூண் தெரிந்தது. அதற்கப்பால் சமதரை.

டக் சத்தம் நின்றது.

"வாண்ணா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். "அம்மா கஞ்சி வச்சிருக்கா."

"நீ போ. நான் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்."

தினமும் அவன் சொல்வதுதான். மலையோடு தனியாக நிற்பதற்காகவே கடைசி ஆளாக வருவான்.

அப்போதுதான் திரும்பினேன்.

என் தடத்தை ஒட்டி இன்னொரு தடம் இறங்கி வந்து, தூணருகே முடிந்திருந்தது. அவன் இல்லை.

குடிசை வாசலில் கடைசி எண்ணிக்கை. பன்னிரண்டோடு நின்றது. மிகாமி என்னைப் பார்த்தார்.

"பதிமூணு சொன்னது யாரும்மா?"

நரீட்டா மெல்லக் கையுறையைக் கழற்றினான்.

"எய்ஜி குரல்தான் தலைவரே. மொதக் கொடியிலயே தெரிஞ்சிது. நீங்க யாராவது சொல்வீங்கன்னு பாத்தேன்."

மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏப்ரலில் பனி உருகியபோது, முதல் கொடிக்கடியில் கிடைத்தான். காணாமல் போன அன்றே உயிர் போய்விட்டது என்றார் மருத்துவர். இடது கொக்கி திறந்திருந்தது. அதை நானே மாட்டிவிட்டேன்.

அடுத்த பனிக்காலம். பன்னிரண்டு பேர். இந்த முறை மிகாமி தன் கையாலேயே பொம்மை செதுக்கி என் பையில் வைத்தார்.

"அவன் இடத்துல இது இருக்கட்டும்" என்றார். "அவனை விட்டுருவாம்மா."

மலையம்மா அவனை விடுவாள் என்று நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி ஏறுவது?

வெயில் பளிச்சென்று அடித்தது. இறங்கும்போது முதல் கொடியில் நின்றோம். ஒண்ணிலிருந்து பதினொண்ணு வரை தெளிவாகக் கேட்டது.

"பன்னெண்டு" என்றேன். பிறகு பொம்மைக்காக, "பதிமூணு."

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

டக்.

"பதினாலு."

மிகாமி திரும்பிப் பார்க்கவில்லை. "சரி, நகருங்க" என்றார்.

நகர்ந்தோம்.