வெண்கருத் தாள்

முதல் படத்தில் அம்மாவின் உதட்டோரம் கடுகளவு ஒரு கரும்புள்ளி இருந்தது. கண்ணாடித் தகட்டில் அது இல்லை.

கிருபாராணி தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடியால் மறுபடி தேடினாள். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறியிருந்த அந்த நெகடிவில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் உதடுகள் மெலிதாக, சுத்தமாக மூடியிருந்தன. முட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் ஓசூர் மிஷன் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். வயது முப்பத்தைந்து. அவளுக்கு ஒரு வயது ஆவதற்குள் அம்மா இறந்துவிட்டாள், முகம் தெரியாது. 1969 தை மாதம் அப்பா இறந்த பிறகு, அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் துணி சுற்றிய இந்தத் தகடு கிடைத்தது. இவ்வளவு பெரிய தகட்டில் படம் போடத் தன்னிடம் வசதியில்லை என்று ஸ்டுடியோக்காரர் கைவிரித்துவிட்டார். பள்ளி நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றில் வழி இருந்தது. முட்டை வெண்கருவில் உப்புப் போட்டு அடித்து, ஒரு வாரம் வைத்திருந்து, தாளை அதில் மிதக்கவிட்டுக் காயவைக்க வேண்டும். பிறகு வெள்ளி நைட்ரேட் பூசி, மேலே தகட்டை வைத்து வெயிலில் காட்டினால் படம் தானாகக் கறுத்து எழும்பும்.

பேரிகைச் சந்தையிலிருந்து வீட்டு வேலை செய்யும் மாரம்மா கொண்டுவந்து கொடுத்த இரண்டு டஜன் முட்டைகளின் வெண்கரு ஒரு வாரம் ஜாடியில் கிடந்து புளித்திருந்தது. மூடியைத் திறந்தபோது வந்த நாற்றம், புழுக்கமான ஸ்டோர் ரூமை நிறைத்து, காயப்போட்ட சேலைகளில் ஏறி, சோற்றுப் பானை வரைக்கும் போய், கடைசியில் அவள் எச்சிலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே படர்ந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினால் அது விலகாமல் நூல் நூலாக இழுபட்டது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் தாளை மிதக்கவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து இரண்டாவது படம் போட்டாள். உதட்டோரப் புள்ளியைக் காணோம். அதற்குப் பதில் மூக்குத் துவாரத்தைச் சுற்றி மூன்று புள்ளிகள் இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அவற்றுக்குக் கால்கள் இருந்தன. உதடுகள் தடித்திருந்தன.

அவளுடைய அண்ணன் யேசுராஜ் சாப்பிட வந்தவன், மேஜையில் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"எங்க கெடச்சிது இது?"

"அப்பா பெட்டியில தகடா இருந்துச்சி. அம்மாதானேண்ணா?"

அவன் படத்தைக் குப்புறத் திருப்பி வைத்தான். "அம்மாதான். ஆனா உசுரோட இருக்கறப்ப எடுத்ததில்ல பாப்பா. போட்டோக்காரரு பெங்களூர்லருந்து வர்றதுக்கு ரெண்டு நாளாயிடுச்சி. சேர்ல உக்கார வெச்சி, இடுப்புல துணி போட்டுக் கட்டித்தான் எடுத்தாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு. அந்த வாடை இன்னும் மறக்கல."

"அப்பவே ஒதடு வீங்கியிருந்துச்சா?"

"போட்டோ எடுக்கறப்ப இல்ல." அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "சவப்பொட்டிய மூடறப்ப இருந்துச்சி. அந்தத் தகட்ட ஒடச்சிப் போட்டுடு."

திங்கட்கிழமை அவன் பெங்களூர் பாக்டரிக்குக் காலை பஸ்ஸில் போய்விட்டான். அவள் லீவு போட்டாள். ஆனால் உடைக்க மனம் வரவில்லை. அந்த வீங்கிய முகத்தோடு அம்மாவை எப்படி விடுவது? தகட்டில் இருக்கும் முகம், அந்த மெலிந்த உதடுகளோடு ஒரே ஒரு தடவை கிடைத்தால் போதும். வெண்கருவை மஸ்லின் துணியில் நான்கு முறை வடிகட்டினாள்.

தாளையும் தகட்டையும் மரச்சட்டத்தில் சேர்த்துக் கிளிப் போட்டு, உச்சி வெயிலில் கொல்லைக் கல்லின்மேல் வைத்தாள். எங்கும் காற்றில்லை. இருபது நிமிடம் கழித்துக் கிளிப்பைத் தளர்த்தி, தகட்டை எடுத்துவிட்டுத் தாளைப் பார்த்தாள்.

உதடுகள் திறந்திருந்தன.

தொட்டாள். ஏன் தொட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தாள் காய்ந்திருக்க வேண்டும். விரல் அமுங்கியது. கன்னம் அமுங்குவதுபோல. இழுத்தபோது மெல்லிய தோல் ஒன்று விரலோடு உரிந்து வந்தது. அடியில் ஈரம். இளஞ்சிவப்பு ஈரம்.

கல்லோரம் வாந்தி எடுத்தாள். மஞ்சளாக, கோழை கோழையாக வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். ஜாடி, தட்டு, மருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். ஜாடியைத் தூக்கினாள். வழுக்கியது. மருந்துத் தட்டின் மேலேயே விழுந்து உடைந்தது. வெண்கருவும் வெள்ளி நைட்ரேட்டும் இரண்டு கைகளிலும் முழங்கை வரை வழிந்தன.

கழுவ வேண்டும். கிணற்றடிக்கு ஓடினாள். வாளியில் கயிறு இல்லை. கைகளை வெயிலில் விரித்தபடி நின்றாள்.

உள்ளங்கை கறுக்கத் தொடங்கியது.

முதலில் தலைமுடி. வகிடு. பிறகு நெற்றி. மூடிய இமைகள். கையை மூடப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. சேலையில் தேய்த்தாள். போகவில்லை. மூக்கு வந்தது. கன்னங்கள் உப்பி வந்தன. கடைசியாக, ரேகை ஓடும் இடத்தில் குறுக்காக, உதடுகள்.

வலிக்கவில்லை. ரேகை மட்டும் மெல்லப் பிளந்தது. உள்ளே, ஈரத்தில், அரிசி மணிபோல் வெள்ளையாக ஒன்று நெளிந்து, வெயிலை நோக்கித் தலை தூக்கியது.