தரையோடு வந்த மணம்

வீட்டில் முட்டை இல்லை. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில், குசினி அடுப்புப் பக்கமிருந்து கூழ்முட்டை நாற்றம் ஒன்று தரையோடு ஊர்ந்து வந்து கிளாறிஸின் மூக்கில் ஏறியது.

அவள் தரையில்தான் கிடந்தாள். பாரிசவாதத்தில் வலப்பக்கமும் நாக்கும் விழுந்துபோன பிறகு, ஒருமுறை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்ததால், கணவர் பேர்டி மெத்தையைச் சீமெந்துத் தரையிலேயே போட்டுவிட்டார். கடற்கரையோரம் டச்பாரில் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோக, திராய்மடுவில் கொடுத்த இந்தச் சின்ன வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான். மண்ணெண்ணெய்ப் புகை அம்மாவுக்கு ஆகாதென்று கேஸ் அடுப்பு வாங்க வைத்தது அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகள் சார்மெயின்.

சிலிண்டரோடு அடுப்பைப் பூட்ட வந்த காத்தான்குடி சாலிஹ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"மணம் வந்தா முதல்ல யன்னல் கதவெல்லாம் திறங்க. சுவிட்சில கை வைக்காதீங்க. நெருப்பு கிட்டயும் வரப்படாது. கேஸ் பாரம், கீழதான் படுத்துக் கிடக்கும்."

பேர்டி தலையாட்டினார். கடல் வந்துபோன பிறகு கல்லடியில் சடலங்களை இழுத்துப் போட்டவர் அவர். அன்றிலிருந்து அவர் மூக்கில் மல்லிகையும் ஏறுவதில்லை, கருவாடும் ஏறுவதில்லை. அதை அவர் சாலிஹிடம் சொல்லவில்லை.

இப்போது வாவிக்கு அப்பால், படுவான்கரையை நோக்கி ஆமிக்காரர் அடித்த ஷெல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் யன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது, குசினியில் சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின, சிலிண்டர் தரையில் உரசி நகர்ந்தது. சத்தம் ஓய்ந்த இடைவெளியில் இன்னொன்றும் கேட்டது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல, மெல்லிய, நிற்காத சீறல்.

"பா... பா..."

அவளுக்கு வந்தது அந்த ஓர் ஒலிதான். பக்கத்தில் கதிரையில் இருந்த பேர்டியின் சாரத்தை இடக்கையால் பிடித்து இழுத்து, குசினியைக் காட்டினாள்.

"தண்ணியா கிளாறி? இரு, வாறன்."

போனார். அந்த நாற்றத்துக்குள்ளேயே நின்று, ஷெல் சத்தத்தில் சீறலும் காதில் விழாமல், தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். பாதி அவள் நாடியில் வழிந்தது. அவள் யன்னலைக் காட்டினாள். திறந்திருந்தது அது ஒன்றுதான்.

"ஓ, சத்தமா? பயப்புடாத புள்ள. நமக்கு இல்ல, அங்கால போறது."

யன்னலைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார். சத்தம் இன்னும் குறையட்டும் என்று துவாய் ஒன்றைச் சுருட்டி இடுக்கிலும் செருகினார். எவ்வளவு அன்பு அந்தக் கைகளில்! அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. அவர் சுவிட்சை நோக்கிப் போனார்.

கிளாறிஸ் கண்ணை இறுக மூடினாள்.

டக்.

ஒன்றுமில்லை.

"கரண்டும் போயித்து," என்று அவர் முணுமுணுத்தார். டோர்ச்சில் பற்றரி இல்லை. மாதா படத்துக்கு முன்னால், அவள் தலைமாட்டில், மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் இருந்தன. அவர் கை இருட்டில் தடவிக்கொண்டு வருமுன் அவளுடைய இடக்கை முந்திவிட்டது. பெட்டியை இழுத்து இடுப்புக்குக் கீழே செருகி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் வைத்தாள்.

"இஞ்சதானே வச்சன்..."

தேடினார். அலுமாரியில் தேடினார், குசினியில் தேடினார், வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவளுக்குத் தலை கனத்தது. கண் சொருகியது. ஆனாலும் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். இனி விடியும்வரை இருட்டில் இருப்பார். இருக்கட்டும்.

பேர்டி, சாத்திக் கிடந்த யன்னலிலேயே தட்டி, அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

"பிறெண்டா! நெருப்புப்பெட்டி இருக்கா மகள்?"

"நில்லுங்க அங்கிள்! எரியிற விளக்கையே கொண்டு வாறன். அன்ரி இருட்டில பயப்புடுவா."

வேண்டாம்.

"பா! பா! பா!"

"ஓம் கிளாறி, ஓம். இந்தா, வெளிச்சம் வருது."

அவர் கதவடிக்குப் போனார். திறப்பைப் பூட்டுத் துவாரத்தில் வைத்துத் தடவினார். வெளியே மணலில் செருப்புச் சத்தம். கிட்ட. இன்னும் கிட்ட.

சீறல் நிற்கவில்லை.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதற்குள்ளால் மஞ்சளாய் ஒரு கோடு உள்ளே வந்தது. மெல்லியதாய். பிறகு தடிப்பாய். சீமெந்தில் நீண்டு நீண்டு வந்து, அவளுடைய விறைத்த வலக்கையின் விரல்களைத் தொட்டு, அங்கேயே நின்று ஆடியது.